அப்பாவின் கல்லீரல் தமனி

ஜூன் 4, செவ்வாய்
வேதியியல் தேர்வு. ஐந்தாவது கேள்வியில் ஒரு சமன்பாட்டைக் கோட்டைவிட்டேன். வீட்டுக்கு வந்தால், அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத் தன் கல்லீரலில் பாதியைக் கொடுக்க முடியாதாம்.

"ரத்த குரூப்பெல்லாம் சேந்துச்சு. ஈரலுக்குப் போற குழாய்தான் எனக்கு வேற மாதிரி இருக்காம். மூணா பிரிஞ்சு நூல் மாதிரி போகுதாம். தைக்க முடியாதுன்னுட்டாங்க."

மாமாவுக்குச் சர்க்கரை. எனக்குப் பதினைந்து வயது. அப்பாதான் கடைசி ஆள்.

அம்மாதான் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "விடுங்க. உள்ள இருக்கறத நீங்களா வச்சீங்க?"

ஜூன் 6, வியாழன்
நூலகத்தில் தடித்த உடற்கூறு நூலை எடுத்தேன். "பரீட்சைய முடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணுங்க, டாக்டரம்மா" என்றார் நூலகர்.

நம் பாடப்புத்தகத்தில் வயிற்றுத் தமனிகளுக்கு ஒரே படம். உண்மையில் நூற்றில் இருபத்தைந்து பேருக்காவது அது பொருந்தாதாம்! சிலருக்கு, குடலுக்குப் போகும் தமனியிலிருந்து கல்லீரல் தமனி கிளைக்கிறது. சிலருக்கு இரண்டு தமனிகள். சாதாரணமாக நடமாடும்வரை ஒரு தொல்லையும் இல்லை. அறுவை சிகிச்சையில்தான் ஆபத்து — இருப்பது தெரியாமல் வெட்டிவிட்டால் ஈரலில் ஒரு பகுதி செத்துவிடலாம். அதனால்தான் முன்பே ஸ்கேன்.

அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. கொஞ்சம் — எழுத வெட்கம் — பெருமையாகவும் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு
அவருடைய தமனியைப் பார்த்து வரைய ஆசைப்பட்டேன். ஸ்கேன் உறை அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அங்கே ஏன் வைத்தார் என்று அப்போது தோன்றவில்லை.

கல்லீரல் தமனி: வழக்கமான அமைப்பு. அளவு போதுமானது. தானத்துக்குத் தடை எதுவும் தெரியவில்லை.

வேறு யாருடைய அறிக்கையோ? பெயர் அவருடையது. வயதும்.

ஜூன் 10, திங்கள்
அறிக்கையை இன்னொரு முறை படித்துவிட்டு, உறையைச் சட்டைகளுக்கு அடியிலேயே வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்
கேட்டுவிட்டேன். அம்மா குளிக்கப் போயிருந்தபோது, மாடிப்படியில். மறுப்பார் என்று நினைத்தேன்.

"பயமா இருந்துச்சும்மா. டாக்டர் தனியாக் கூப்பிட்டு, விருப்பமில்லன்னா சொல்லுங்க, உடம்பு ஒத்துவரலன்னு மட்டும் வீட்ல சொல்லிக்கறோம்னாரு."

"அப்ப குழாய்?"

"அது நானா சொன்னது. அவர் ரூம் சுவத்துல படம் மாட்டியிருந்தாங்க."

சுவரில் இருந்த படம். அதை நம்பி நான் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன்.

"அம்மாட்ட சொல்லிடுவியா?"

டாக்டர் மேல் கோபமில்லை. மனமில்லாதவரை வெட்டக்கூடாது, எனக்கே தெரிகிறது. பயப்படட்டும். யார்தான் பயப்பட மாட்டாங்க? பயம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அம்மா கையால தண்ணி வாங்கிக் குடிச்சாரே — எப்படி உள்ள இறங்குச்சு?

ஜூலை 2, செவ்வாய்
அம்மாவின் கண்களில் மஞ்சள் கூடிவிட்டது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்காகப் பெயர் பதிந்திருக்கிறோம். அவளுக்கு முன்னால் பலர்.

இன்று அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "அப்பாவப் பாத்துக்க. தன்னால குடுக்க முடியலையேன்னு மனுஷன் உள்ளுக்குள்ளயே நொந்துபோயிருக்காரு" என்றாள்.

சுண்டுவிரல் நகத்தை ரொம்பப் பொறுமையாக வெட்டினேன்.

ஆகஸ்ட் 21, புதன்
எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அப்பாவின் அக்கா மட்டும் இருக்கிறாள். அம்மாவின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

"உங்கப்பனுக்கு அந்தக் குழாய் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இன்னிக்கு அவ இருந்திருப்பா. உனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும்டி. பரம்பரையா வந்து தொலைக்கப் போகுது."

அப்பா செய்தித்தாளைப் புரட்டாமல் வைத்திருந்தார்.

"எனக்கு இருக்காது அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

அத்தை நிம்மதியாகத் தலையாட்டினாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா எழுந்துவந்து எனக்குப் பரிமாறினார். போதுமா என்று கேட்கவில்லை. நானும் போதும் என்று சொல்லவில்லை. தட்டு நிறைந்த பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தார்.