அலஸ்டரின் பாக்பைப்

நவம்பர் 24, திங்கள்

தூறல். கடைக் கதவு திறக்கிற நேரமெல்லாம் குளிர். வெண்டிக்காய்ப் பெட்டி இன்னும் வரவில்லை.

மத்தியானம் மோய்ரா வந்தாள். பாரிஸ் ஸ்கொட்லாந்துக் கழகத் தலைவி. என் மனிசன் அலஸ்டர் ஸ்கொட்லாந்துக்காரர்; அவர் போய் எட்டு மாதம். செத்தவீட்டுக்குப் பிறகு இன்றுதான் அவள் முகம் பார்க்கிறேன். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்ல மெல்லப் பிரெஞ்சு. சனிக்கிழமை அவர்களின் புனித அந்திரேயார் திருநாள் விருந்தாம். அலஸ்டர் ஊதிய பாக்பைப்பை, அந்தத் தோற்பைக் குழல் வாத்தியத்தை, அன்றைக்குக் கழகத்திடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

"அது எங்கள் மரபு, மாலதி. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கக் கூடாது."

எங்கள்!

போகும்போது: "நீங்கள் பொரிக்கிற ரோல்ஸும் கொண்டுவருவீர்கள்தானே?"

கல்லாவில் நின்ற செல்வி அக்கா: "குடுத்துத் துலை பிள்ளை. உனக்கென்னத்துக்கு அந்தச் சாமான்?"

அவவிலும் கோபம். கத்தரிக்காய் அடுக்கினேன்.

நவம்பர் 26, புதன்

மகள் ஐலாவுக்கு அரைநாள் பள்ளி. அலுமாரியிலிருந்து பாக்பைப் பெட்டியை இறக்கி, குழல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஐலா அந்தக் கழகத்தில்தான் நடனம் பழகியவள். கொடுக்கலாம் என்கிறாள். அப்பா அங்கேதான் சந்தோஷமாக இருந்தார் என்றாள், பிரெஞ்சில்.

அப்போ வீட்டில்? கேட்கவில்லை. பதிலுக்குப் பயம்.

சரி என்றேன். ரோல்ஸ் மட்டும் சுடமாட்டேன்.

நவம்பர் 29, சனி

மண்டபம் முழுக்கக் கட்டம்போட்ட கில்ட் பாவாடை, விஸ்கி, அவித்த ஆட்டு ஈரல் மணம். பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர். ஒருத்தரின் பூட்டி ஸ்கொட்லாந்தின் எடின்பரோக்காரியாம்; அவருக்கு முன்வரிசை. இத்தனை வருஷம் மனைவியாய் வந்துபோன எனக்குக் குசினி வாசல் பக்கம் ஒரு கதிரை. மடியில் பெட்டி.

மோய்ராவின் பேச்சு. அலஸ்டர் பாரிஸில் தனியாளாம். கழகம்தான் அவருடைய குடும்பமாம். எல்லோரும் குவளை உயர்த்தினார்கள்.

எழும்பினேன். பெட்டியைத் தரப்போகிறேன் என்று நினைத்துக் கை நீட்டினாள்.

"அவர் தனியாள் இல்லை. இது வீட்டுக்குப் போகுது" என்றேன். என் உடைந்த பிரெஞ்சில்தான், ஆனால் சத்தமாக.

"இங்கே வேண்டாம், மாலதி. எல்லோரும் பார்க்கிறார்கள்."

"பார்க்கட்டும்."

ஐலா அழுதுகொண்டு பின்னால் வந்தாள். எல்லாவற்றையும் நான் பழுதாக்கிவிட்டேனாம். மெத்ரோவில் என் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர் ஆசனம், ஜன்னல் பக்கம் முகம்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை. தலையிடி. மோய்ராவிடமிருந்து குறுஞ்செய்தி. மன்னிப்பு இல்லை. 'எங்கள் மரபின் பெறுமதி உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்த்தது என் தவறு.'

ஐலாவிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள். மூக்குத்தண்டு சிவந்தது; கோபம் வந்தால் அப்படியே தகப்பன். பெட்டியைத் திறந்து பையைக் கக்கத்தில் இடுக்கினாள். ஊதத் தெரியாது. முதலில் வெறும் காற்று. பிறகு மாடு கதறுவதுபோல ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரன் தடியால் தன் கூரையில் இடித்தான்.

"நிப்பாட்டவோ, அம்மா?" தமிழில் கேட்டாள்.

"இல்லை. ஊது."