எடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டர்

டிசம்பர் 12, வெள்ளி



மர்பி டவுன் சர்ச்சுல எங்க பாடகர் குழுவோட பழைய கம்ப்யூட்டரை நாளைக்குக் காலையில பழைய சாமான் வாங்குற குஜரிக்காரர் எடைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தது. புது ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு 64-பிட் மெஷின் வேணும், இது 32ன்னு எல்லாரும் கைகழுவிட்டாங்க. கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிய வேற வழியும் இல்ல. அடிக்குரல்ல பாடுற பேஸுக்கு ஆள் இல்லாதது தனிக் கவலை.

சாயங்காலம் ஒத்திகை முடிஞ்சதும், ப்ராசஸர் விவரத்தை ஒரு தடவை பார்த்துடலாம்னு டெர்மினலைத் திறந்து lscpuன்னு கமாண்ட் அடிச்சேன். மேலேயே இருக்கு: 32-bit, 64-bit. ப்ராசஸர் ரெண்டையும் ஓட்டும்! யாரோ உள்ள போட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் 32. நான் கத்தின கத்துல குழுத்தலைவர் அருள் அண்ணன் ஓடி வந்து, "என்னம்மா, எலியா?"ன்னாரு.

குஜரிக்காரரை நம்ப முடியாது, விடியறதுக்கு முன்னாடியே வந்து தூக்கிட்டுப் போயிடுவார். பெட்டியைப் பாடகர் அங்கியில சுத்தி, ஸ்கூட்டர்ல காலுக்கு நடுவுல வெச்சு, பொம்மனஹள்ளியில எங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். மானிட்டருக்குப் பதிலா டிவியில மாட்டி, பழைய பாட்டையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, 64-பிட் சிஸ்டம் போட்டேன். இப்பதான் சாஃப்ட்வேர் திறந்துச்சு! மைக் வேலை செய்யுதான்னு ரெக்கார்டை அமுக்கினேன். கட்டில்ல தூங்குற எங்க வீட்டுக்காரரோட குறட்டை அப்படியே பதிஞ்சிருக்கு. சந்தோஷத்துல அதையே அருள் அண்ணனுக்கு அனுப்பிட்டேன்.

உடனே பதில் வந்துச்சு: "பேஸ் பிரமாதம். யாரும்மா அது? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா."