நேர்ந்துவிட்ட சேவலை அடைத்தேன்

தர்மபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் தர்ஷனுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கட்டார் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று முனியாண்டி சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனையைப் பிடிக்கிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் அம்மா பக்கத்தில் நிற்பாள். கோழியெல்லாம் நல்லா நிக்குது மகன் என்று அவள் உனக்குச் சொன்னது பொய், நானும் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். லீவு முடிந்து உன் பக்கம் வருகிற அப்புத்துரையின் மகனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் இப்போது ஒரு கோழிகூட இல்லை மகன். உன் சேவல் மட்டும்தான் மிச்சம். போன மாதம் பரந்தன் சந்தியில் வான் வண்டியில் வைத்து விற்றவனிடம் பன்னிரண்டு குஞ்சு வாங்கி வந்தேன். மிருக வைத்தியராக வந்திருக்கிற இளம் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது, ஐயா, மூண்டு கிழமைக்குப் புதுசையும் பழசையும் சேர விடாதேங்கோ, எல்லாத்தையும் அடைச்சு வையுங்கோ என்று. நானும் குசினிக்குப் பின்னால் வலை அடித்துக் குஞ்சுகளை விட்டேன், பழைய கோழிகளைக் கூட்டில் அடைத்தேன். சேவலை மட்டும் அடைக்கவில்லை. நீ கட்டாருக்கு வெளிக்கிட்ட அன்று அம்மா உன் பேரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது, நீ திரும்பி வரும்வரை அதைக் கூட்டில் போடக்கூடாது, காலில் கயிறு கட்டக்கூடாது, கட்டினால் யாருக்காக நேர்ந்ததோ அவருக்குத்தான் கட்டு விழும் என்று என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே சொல்லி வளர்த்தது. அதுவோ குஞ்சு சிந்திய தீனைக் கிளறித் தின்றுவிட்டு, வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மீனம்மா மாமியின் வளவுக்குப் போய் அங்கே நிற்கிற கோழிகளோடு மேய்ந்து வரும். எட்டாம் நாள் குஞ்சுகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. பிறகு எங்கள் கோழிகள் பச்சையாய்க் கழிந்து கழிந்து செத்தன. பிறகு மீனம்மாவின் கோழிகள். நாலே நாளில் அவாவின் கூடு வெறுங்கூடு. புருஷன் இல்லாத மனுஷி, முட்டை விற்றுத்தான் அடுப்பு எரிகிறது.

அகதி முகாமில் இருந்து நாங்கள் தகரமும் தறப்பாளுமாக வந்து இறங்கியபோது அடைகிடந்த கோழியை முட்டையோடு கூடையில் வைத்து அந்தப் பொட்டுக்குள்ளால் நீட்டினது மீனம்மாதான். எங்களிடம் இருந்த கோழி முழுக்க அந்த ஒன்றின் வம்சம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன சப்பாத்தும் அதன் முட்டை விற்ற காசுதான்.

சேவல் ஏன் சாகவில்லை என்று வைத்தியரிடம் கேட்டேன். முந்தித் தடுப்பு மருந்துக் குப்பி வாங்கியபோது சாமிச் சேவலாயிற்றே என்று அதற்கு மட்டும் சொட்டு விட்டேன், மற்றதுகளை ஓடிப் பிடிக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பலில் விட்டுவிட்டேன். மருந்து போட்டது சாகாமல் தப்பும் ஐயா, ஆனா நோயைக் காவிக்கொண்டுபோய் மற்றதுகளுக்குக் குடுக்கும் என்றது பிள்ளை. அப்போ மீனம்மாவின் கூட்டுக்கு நோயைக் கொண்டுபோனது நம் சேவல்தான். மீனம்மாவுக்கு இது தெரியாது. காத்தோட வந்த நோய் அண்ணை, ஆர் என்ன செய்யிறது என்று எங்கள் கோழிகளைக் குழி வெட்டித் தாழ்க்கவும் அவாதான் மண்வெட்டி பிடித்தா. வெள்ளிக்கிழமை வந்தா. ஓமந்தையில் இருக்கிற அவாவின் தங்கச்சி மூன்று பேட்டுக்கோழி கொடுத்தாளாம், உங்கட சேவலைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோ, சாமி காப்பாத்தின சேவல், அது வந்தா என்ர வளவும் தழைக்கும் என்றா. நான் ஓம் என்றேன். வாய் கூசாமல் ஓம் என்றேன் மகன்.

அவா போன கையோடு சேவலைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்து மேலே கல்லை வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அங்க என்ர பிள்ளைக்கு ஒண்டு நடந்தா உங்களைச் சும்மா விடமாட்டன் என்கிறாள், மூன்று நாளாக ஒழுங்காய்ச் சாப்பாடும் இல்லை. எனக்கும் பயம்தான். நீ உயரத்தில் ஏறி நிற்கிற படம் அனுப்பினாயே, கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஆனால் அந்த மூன்று பேட்டையும் சாகக் கொடுக்க என்னால் முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடைக்குள் கூவுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணை, இன்னும் விடேல்லையோ என்று மீனம்மா கேட்கிறா. போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். ஏசுவா என்று நினைத்தேன், ஏசவில்லை. மருந்துக் குப்பி உங்கட கோழி எல்லாத்துக்கும் காணுமாயிருந்ததோ என்று ஒன்றுதான் கேட்டா. காணும், மிஞ்சியும் இருக்கும் என்றேன். இப்போது பழைய தகரமொன்றை இழுத்து வந்து வேலிப் பொட்டை அடைத்துக்கொண்டிருக்கிறா. ஒரு பக்கத்தைப் பிடிக்கவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாமி உனக்குத் துணை நிற்கட்டும், நோய் நொடி இல்லாமல் நல்லபடி வந்து சேர். அம்மாவோடு பேசும்போது இதொன்றும் தெரிந்ததாகக் காட்டாதே. ஏறும்போது இடுப்புப் பெல்ட்டை மறக்காமல் கம்பியில் கொழுவு மகன், சேவல் இன்னும் கூடைக்குள்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரபாகு