ஒரே பெயராக அனுப்பச் சொன்னார்கள்

என் ஜீப்புக்கார அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று உங்களைக் கேட்க முடியாது. நாங்கள் இருக்கிறோம். உங்கள் வண்டியை இப்போது பாண்டி மாமா ஓட்டுகிறார். காலையில் கூடலூர் ஸ்டாண்டில் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஹாரனை மட்டும் மாற்றிவிட்டார். அதனால் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடுவதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். திராட்சைத் தோட்டத்தில் அழுகல் பழத்தைக் கத்தரித்துவிட்டுக் கொத்தை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். அதிகம் பேச வேண்டாத வேலை. எனக்குச் சரியாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் சதுரங்கச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது அப்பா. கோபம்கூட இல்லை, அலுப்பு. பாதி உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

செஸ்ஸைப் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். குதிரை எப்படித் தாவும் என்பது கடைசிவரை உங்களுக்குப் பிடிபடவில்லை. "இதென்ன ஆத்தா, குமுளி ரோட்டு வளைவு மாதிரித் திரும்புது!" என்பீர்கள். ஆட வராவிட்டாலும் சங்கத்துக் கூட்டத்துக்கு நீங்கள்தான் வருவீர்கள். என் வாயாக வந்தவர் நீங்கள்.

சங்கத்தில் சண்டை தொடங்கிய வருஷம் தேர்வுப் போட்டியில் நான் இரண்டாவதாக வந்தேன். தேசியப் போட்டிக்கு நம் வட்டாரத்துக்கு ஒரு இடம்தான், முதலில் வந்தவள் போனாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்குக் கீழே வந்தவர்கள் சிலர் பணம் கட்டி அதே போட்டிக்குப் போனார்கள். அதற்குச் சிறப்பு நுழைவு என்று பெயர். சங்கம் கையெழுத்துப் போட வேண்டும், சங்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் காக்கிச் சட்டையோடு நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"ஸ்டாண்டுல டர்ன் இல்லாம எவனாச்சும் வண்டி எடுத்தா விடுவமா? காசு குடுத்தா பின்னாடி நிக்கிறவன் முன்னாடி வந்துருவானா? இத யாரு முடிவு பண்ணுனாக? எந்தக் கூட்டத்துல பண்ணுனாக?"

"டிரைவரண்ணே, இது செஸ்ஸு. கேரளா சவாரி இல்ல" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் உட்காரவில்லை.

ஸ்டாண்டில் ஒருவர் முறை தவறி வண்டி எடுத்தால், பேசி முடிக்கும்வரை எந்த வண்டியும் கிளம்பாது. அதே வழக்கத்தை நீங்கள் சங்கத்துக்கும் கொண்டுவந்தீர்கள். பதில் சொல்லாமல் அடுத்த தேர்வை நடத்தக் கூடாது என்றீர்கள். செயலாளர் உங்கள் பக்கம் வந்தார். தலைவர் எதிர்ப்பக்கம் போனார். சங்கம் இரண்டாக உடைந்தது. ஸ்டாண்டுச் சண்டை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இந்தச் சண்டையில் வருஷக்கணக்காக வண்டி நிற்கிறது.

ஸ்டாண்டில் ஏன் சீக்கிரம் முடிகிறது தெரியுமா அப்பா? நீங்கள்தான் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். ஒரு நாள் சண்டை நீண்டுகொண்டே போனபோது, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பேச்சியக்கா தூக்குவாளியோடு ஜீப்பிலிருந்து இறங்கினார்களாம். "ஏலே, நீங்க நல்லா அடிச்சுக்கங்க. நாங்க நடந்தே போறோம்." பின்னாலேயே எல்லாப் பெண்களும் இறங்கி நடக்க, அங்கனயே சண்டை முடிந்ததாம். சங்கத்தில் பேசும்போது இதை மறந்துவிட்டீர்கள். வண்டியை நிறுத்தியதால்தான் தீர்வு வந்தது என்று நினைத்துக்கொண்டீர்கள்.

இந்த வருஷம் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தேர்வு நடத்தினார்கள். செயலாளர் பக்கம் நடந்ததில் நான் முதலாவது. தலைவர் பக்கம் நடந்ததில் பண்ணைப்புரத்து நிவேதா முதலாவது. இரண்டு பெயரும் மாநிலச் சங்கத்துக்குப் போயின, இரண்டும் திரும்பி வந்தன. இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு ஒரே பெயராக அனுப்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் வட்டாரத்துக்கு இடமே கிடையாது, விருப்பமுள்ளவர்கள் பணம் கட்டி ஆடலாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பணம் வாங்கி அனுப்பாதே என்று நீங்கள் ஆரம்பித்தது, பணம் கட்டினால்தான் போகலாம் என்று வந்து நிற்கிறது. பள்ளியில் இல்லாததால் பள்ளிப் போட்டிகளும் எனக்குக் கிடையாது. அடுத்த வருஷம் பதினேழு வயதுப் பிரிவையும் தாண்டிவிடுவேன்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அம்மாவும் வந்தாள். காலையிலிருந்து கத்தினார்கள். செயலாளர் என்னைக் கைகாட்டினார். "இந்தப் புள்ள யாரு தெரியுமா? நம்ம டிரைவர் மக. இந்தச் சங்கத்துக்காக உயிரக் குடுத்தாரு மனுசன்!"

நீங்கள் குமுளியிலிருந்து இறங்கும்போது நெஞ்சு வலித்து, வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுச் செத்துப்போனீர்கள். சங்கத்துக்காக இல்லை. இதைச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

தலைவர் ஏலக்காய் வியாபாரி. அவர் கையை உயர்த்தினார். "எதுக்குச் சண்டை? நிவேதா பேர அனுப்புவோம். இந்தப் புள்ளைக்குச் சிறப்பு நுழைவுக் காச நானே கட்டுறேன். அவுகப்பா நினைவா இருக்கட்டும்."

கை தட்டினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "தலைய ஆட்டு."

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். தண்ணீர் கேன் பக்கத்தில் நிவேதா நின்றிருந்தாள். அவளும் தண்ணீர் குடிக்க வந்தவள் இல்லை.

"ஒனக்குத் தலை வலிக்குதா?" என்றாள்.

"ம்."

"எனக்கும். எங்க மாமா ஒங்க செயலாளர அடிக்கப் போறாரு, பாத்துக்கிட்டே இரு."

எனக்குப் பேச்சியக்கா நினைவு வந்தது. "நம்மளே ஆடிருவமா?" என்றேன். "செயிக்கிறவ பேரு போகட்டும்."

"இவுக விடுவாகளா?"

"கேக்க வேணாம்."

கூட்டத்தின் நடுவில், தரையில் போர்டை விரித்தோம். அவள் செல்போனைக் கடிகாரமாக வைத்தாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்தை அப்போதுதான் கேட்டேன்.

நான் தோற்றுவிட்டேன் அப்பா. கடைசியில் யானையைத் தவறான பக்கம் வைத்தேன். அவள் ஒரு சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனாள், என்னால் தடுக்க முடியவில்லை. கை கொடுத்தோம். அவள் கை என் கையைவிட ஈரமாக இருந்தது.

செயலாளர் என்னைப் பார்த்தார். "போட்டுருங்க சார்" என்றேன். நிவேதா பெயருக்குக் கீழே இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைவருக்குச் சந்தோஷம். "நான் சொன்னது சொன்னதுதான்மா. ஒனக்கும் காசு கட்டுறேன். ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்க."

"வேணாம் சார். எனக்கு டர்ன் இல்ல."

"என்ன சொல்லுது புள்ள?"

"டர்ன் இல்லையாம் சார்!" என்று நிவேதா உரக்கச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள், அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சிரித்த மாதிரியே. நான் எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னேன்.

பஸ்ஸில் அம்மா கம்பம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "மொதல்ல சொன்னப்ப அந்தாளு காதுல விழல. அப்பிடியே விட்டிருக்கலாம்ல ஆத்தா?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா? நான் செய்தது சரி என்று நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் மண்டபத்தில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. "போயிட்டு வா ஆத்தா, சண்ட என்னோட போகட்டும்" என்று சொல்லியிருப்பீர்களோ? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நிவேதா கிளம்பும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கு வந்து என்னோடு ஆடிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறாள். வரச் சொல்லிவிட்டேன். அந்த யானையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்பேன்.

பெண்கள் பிரிவுக்கு வயது வரம்பு இல்லை. அதற்கான தேர்வு வரும்போது வரிசையில் கடைசியாகப் போய் நிற்பேன். எத்தனை வருஷம் ஆனாலும் நிற்பேன். உங்களுக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். என் முறை வந்து பெயரைக் கூப்பிட்டால், முதல் தடவையிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்வேன்.

குதிரை தாவுவதை உங்களுக்குப் புரியவைக்க முடியாமல்போன மகள்,
கௌமாரி