திட்டுக்குத் திட்டு பத்திரிகை

2008, சித்திரை 25, புதன்

கத்திரி வெயில். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: இன்று சட்டைக்குள் காற்றடித்த சைக்கிள் டியூபைக் கட்டிக்கொண்டு படகேறினேன். நீச்சல் தெரியாது. சைக்கிள் கடை வைத்திருக்கிற என் கைக்கு அதுதான் வந்தது. செல்வி ஒரு பார்வை பார்த்தாள். "ஒரே ராத்திரில தொப்பை போட்டுட்டீங்களே." இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் எதை மறைப்பது.

மகள் கல்யாணம் ஆனியில். செல்வியின் உடன்பிறந்தவர்கள் எல்லாம் கிள்ளைக்குக் கிழக்கே, உப்பங்கழித் திட்டுகளில். பஸ் போகாது. அவள் தங்கை புருஷன், என் சகலை, தன் பாய்மரப் படகோடு கரைக்கே வந்து ஏற்றிக்கொண்டார்.

கொண்டுபோனது: பத்திரிகை, தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பூ, பழம், கட்டுச்சோறு. டியூப்.

முறைப்படி முதல் பத்திரிகை பெரிய மச்சானுக்கு (பெ.ம.). அப்புறம்தான் சின்ன மச்சானுக்கு (சி.ம.). போன வருஷம் என் பங்காளி வீட்டில் இது மாறிப்போய், மூத்த தாய்மாமன் வரவில்லை. அந்தப் பெண் மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பெண்ணுக்கு அது நடக்கக்கூடாது. செல்விக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

பெ.ம. திட்டு தெற்கே. காற்று அடிப்பதோ தெற்கிலிருந்து. சகலை பாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அங்க ஏற முடியாதுண்ணே. வடக்கால சின்னவரு திட்டுலதான் கொண்டுபோயி உடும்."

"உங்க ஊரு காத்துக்கு முறை தெரியாதா?"

"அதுக்கு இன்னும் பத்திரிகை வெக்கலையே."

செல்வி தாம்பாளத்தைத் துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் தள்ளினாள். "சின்னவன் கேட்டா காத்து வாங்க வந்தோம்னு சொல்லுங்க. கல்யாணம்னு வாயத் தொறந்தீங்க, தண்ணில தள்ளிடுவேன்."

பாய் புடைத்ததும் ஒரு சத்தமில்லாத ஓட்டம். இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு. கொக்குகூட எழுந்து பறக்கவில்லை. நான் ரிப்பேர் செய்து கொடுத்த சைக்கிளில் ஒன்றுகூட இப்படிப் போனதில்லை.

சாயங்காலம் சி.ம. திட்டு. நாலு வீடு, ஒரு வேப்பமரம், மணல் முழுக்க நண்டு போட்ட கோலம். இப்படி ஓர் இடத்துக்கு இத்தனை வருஷம் வராமல் இருந்திருக்கிறேன்.

"வாங்க மாமா. என்ன இந்தப் பக்கம், அதிசயமா?"

"காத்து வாங்கலாம்னு."

"சிதம்பரத்துல காத்து இல்லையா?"

"இருக்கு. எல்லாம் டியூபுக்குப் போயிடுது."

மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு. சாப்பிட்டு முடிக்கும்வரை சி.ம. நண்டு விலை பேசினான், மழை பேசினான், என் முழங்கால் வலி பேசினான். என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் பெண்சாதி மட்டும், "பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தது. "மாமாவுக்குக் கொழம்பு ஊத்து" என்றான். கல்யாணச் சேதி ஜில்லாவுக்கே தெரியும். தெரிந்ததை இப்படித் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள எனக்கு வராது. பெரிய மனுஷன்.

26, வியாழன்

விடியலில் காற்று மாறி மேற்கிலிருந்து. "இப்ப போவும்" என்றார் சகலை. நாங்கள் கிளம்புவதற்குள் சி.ம. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெண்சாதியோடு படகில்.

"பெரியண்ணனப் பாத்து நாளாச்சி. உங்ககூட வரோம்."

செல்வி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "மீன் கவிச்சியா?" என்றேன். "ஆமா" என்றாள்.

வடக்கிலிருந்து வந்த எங்கள் பாயை பெ.ம. தூரத்திலேயே பார்த்துவிட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

"ராத்திரி சின்னவன் ஊட்லயா சாப்பாடு, மாப்ளே?"

  செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சி.ம. கயிற்றோடு இறங்கினான். "மாமா எதுக்கு வந்தாருன்னே எனக்குத் தெரியலண்ணே. கேட்டா காத்து வாங்கன்றாரு. நீயாவது கேளு."

பெ.ம. தம்பியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையை அவிழ்த்தார். "உள்ள வாங்க."

முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டு, பெண்சாதியோடு கிழக்கே பார்த்து நின்றார். செல்வி தாம்பாளத்தை நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொண்ணுக்கு மாலை என் கையாலதான்."

அடுத்த தாம்பாளம், அதே இடத்தில், சி.ம.வுக்கும் அவன் பெண்சாதிக்கும். அவன் உறையைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தான். "பாப்பாவுக்குக் கல்யாணமா மாமா? சொல்லவே இல்ல."

முதலில் சிரித்தது பெ.ம.தான். சாயங்காலம் வரை சிரிப்பு. கிளம்ப விடவில்லை.

27, வெள்ளி

காற்று சொன்னபடி கேட்டது. வழியில் சி.ம.வையும் பெண்சாதியையும் இறக்கிவிட்டு நேராகக் கிள்ளைக் கரை. சகலை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது. மூன்று நாளாக வெயிலில் பாயைப் பிடித்த கை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பெ.ம. கொடுத்த கருவாட்டுப் பையை பஸ் வரைக்கும் தூக்கிவந்து ஏற்றிவிட்டார். டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டில் செல்வி பையைக் காலி செய்தாள். ஒரு பத்திரிகை மிச்சம். உறை மேல் சகலை பெயர், கொழுந்தியா பெயர். மூன்று நாளும் அவர் காலடியில்தான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கே போய், இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறாள். அவர் வீடும் ஒரு திட்டில். போகப் படகு வேண்டும். படகு அவருடையது.