நாற்பது கட்டங்கள்

நிலவு, தென்முனைத் தளம். நாள் 112, 06:10
என் அறையில் காற்றழுத்தம் 70 கிலோபாஸ்கல், இயல்பு. தண்ணீர் போதும். தளத்தில் இரண்டே பேர்: கணினிப் பொறியாளர் ஜெபக்கனியாகிய நான், பாறை ஆய்வாளர் ஆதிலிங்கம் அண்ணாச்சி. பதினைந்து வயது மூத்தவர். நான் 'வாங்க, போங்க' என்பேன். அவருக்கு நான் 'தாயி'. வெளியுடை அணிந்து கிழக்கு அறைக்குப் போயிருக்கிறார். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு குழாய்ப் பாதை. கிளம்பும் முன் என் கேப்பைக் கூழைக் குறை சொன்னார்.

08:25
விண்கற்கள் விழுந்தன. குரல் தொடர்பு போயிற்று. என்னிடமிருந்து எதுவும் போகவில்லை. வண்ணத் திரைகள் அணைந்தன. சுவரிலுள்ள முள் மானி என் அறை அழுத்தத்தை மட்டும் காட்டுகிறது. குழாய்க்குள் காற்று இருக்கிறதா என்று அறிய வழியில்லை. என் வெளியுடை அதற்குள்தான் தொங்குகிறது.

மிஞ்சியது எழுத்து மட்டும் காட்டும் கருந்திரைக் கன்சோல். அண்ணாச்சியால் கையுறையோடு தட்டச்சு செய்ய முடியாது. பேசினால் அவருடைய உடை அதைத் தமிழ் எழுத்தாக்கி அனுப்பும். இங்கே அது இப்படி வருகிறது:

"? ????, ?????? ?????????"

கன்சோலை வரைவது கணினியின் அடித்தளமான கெர்னல். அதற்குத் தெரிந்தவை ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்துருவங்கள். அவற்றில் தமிழ் இல்லை. தெரியாததைக் கேள்விக்குறியாக்கிவிட்டு, வந்ததை மறந்துவிடுகிறது. இந்தக் குறிப்பைத் தட்டும்போதும் கேள்விக்குறிகளைத்தான் பார்க்கிறேன்.

அவர் உடையில் 17:00 வரை காற்று உண்டு.

09:05
கெர்னலைத் திருத்த என்னால் ஆகாது. அதற்கு வெளியே சாதாரண நிரலாக ஓடி, கன்சோலுக்கு வருவதை வாங்கித் தானே வரைகிற டெர்மினல் எமுலேட்டர் ஒன்றை எழுதத் தொடங்கினேன். சமையலறை லேபிள் அச்சுப்பொறியில் ஒரு தமிழ் எழுத்துரு கிடைத்தது.

12:30
முதல் எழுத்துகள் தெரிந்தன. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தது, சரிசெய்தேன். திரையின் அகலம் நாற்பது கட்டம், எழுத்துக்கு ஒன்று. கட்டக் கணக்கு இன்னும் தப்பு: புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கட்டம் எண்ணுகிறது. நீள வரியை மடிக்கவும் எழுதவில்லை. பிறகு பார்க்கலாம்.

13:40
படிக்க முடிகிறது.

"ஏ தாயி, உசுரோட இருக்கியா"
"வாசல்ல கல்லு கெடக்கு, தோண்டுதேன்"
"உன் கூழக் குத்தம் சொன்னது தப்பு தாயி"

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நிரலின் நகல் ஒன்றை என் வெளிக்கதவின் வெளிப்புறத் திரைப் பலகையிலும் ஏற்றினேன்; அதுவும் நாற்பது கட்டம்தான். அவர் தோண்டி வெளியேறி அங்கே வந்தால், நான் எழுதுவதைப் பலகையில் படிக்கலாம்.

15:20
ஒரே வரி மூன்று முறை வந்திருக்கிறது.

"தாயி, சொல்றத கேளு நடுக் குழாய் கதவத் திற"

கல்லை அகற்ற முடியவில்லை போலிருக்கிறது. குழாயின் அழுத்தம் காட்டும் மானி அவர் பக்கம் ஒன்று உண்டு. காற்று இருப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறார். அவருக்கு இன்னும் நூறு நிமிடம். திறக்கப் போகிறேன்.

15:50
அழுத்தம் 61. கைப்பிடியை அரைச் சுற்றுத்தான் திருப்பினேன். குழாய்க்குள் காற்றே இல்லை. உடனே மூடினேன். ரப்பர் விளிம்பு கிழிந்துவிட்டது. துணி வைத்தேன், பசை வைத்தேன், மெத்தையை வைத்து அழுத்தினேன். நிற்கவில்லை.
ஏன் அப்படிச் சொன்னார்?

16:15
அழுத்தம் 49. கட்டக் கணக்கு. பிறகு பார்க்கலாம் என்று விட்டேனே, அது. தமிழில் வினை கடைசியில் நிற்கும். வேண்டாம் என்பது அந்த வினைக்கும் கடைசியில். நாற்பதாவது கட்டத்தோடு என் நிரல் வெட்டியிருக்கிறது. திருத்தினேன். முழு வரி:

"தாயி, சொல்றத கேளு நடுக் குழாய் கதவத் திறக்காத. உள்ள காத்து இல்ல. கல்ல நவுத்திட்டேன், வெளிய சுத்தி உன் வாசலுக்கே வாரேன். ஒன்னர மணி நேரம் பொறு"

மூன்று முறையும் இதைத்தான் சொன்னார்.

16:30
அழுத்தம் 41. விசைகளில் விரல் இடம் மாறுது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இருக்கிற சின்ன அறையில் இன்னும் காற்று இருக்கிறது. அதற்குள் போய் உள்கதவைச் சாத்திக்கொள்வேன். அண்ணாச்சி வெளிக்கதவைத் திறந்தால் அந்தக் காற்று போய்விடும். திறக்காமல், வெளிச்சுவரில் இருக்கிற ஆக்சிஜன் சிலிண்டர்களை அந்த அறைக்கு இணைத்தால் போதும். அவருக்கும் அதில் மிஞ்சும். மீட்புக் கலம் வரும்வரை ரெண்டு பேருக்கும்
பலகைக்கு ஒரு வரி அனுப்பிவிட்டேன். முழுசாகத் தெரியும். திருத்திவிட்டேனே. திருத்திவிட்

வெளிக்கதவுப் பலகை, தானியங்கிப் பதிவு
16:31. ஓடும் நிரல்: 13:40 பதிப்பு. காட்டும் வரி:

"அண்ணாச்சி நான் உள்ள இருக்கேன், கதவத் திற"

16:52. வெளிக்கதவு: கைப்பிடி அசைந்தது.