என் பெயரில் ஒரு ராஜினாமா

9-6-1968
கூரம் கிராமத்துக்கு வந்து மூன்று வாரம். மதராஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்த என் கணவர், தன் அப்பா விட்டுப்போன நிலத்தில் இன்று களையெடுத்தார். ஒரு கையில் வேளாண்மைக் கையேடு. நடவுக்கு வரும் வடிவு ஓடி வந்து, "ஐயா, களைய வுட்டுட்டு பயிர புடுங்கிக்கினு இருக்கீங்களே!" என்றாள். கையேட்டில் படம் தெளிவாக இல்லையாம்.

20-6-1968
வடிவு கேட்டாள்: "இன்னாம்மா, டெலிபோன் வேலைய வுட்டுட்டீங்களாமே? ஐயா சொன்னாரு."
நான் போட்டிருப்பது மூன்று மாத லீவு. ராஜினாமா செய்த விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

21-6-1968
கேட்டேன். மறைக்கவில்லை. "உனக்கெதுக்கு சிரமம்னு நானே எழுதி அனுப்பிட்டேன், காந்தா."
என் கையெழுத்து? அதையும் அவரே போட்டுவிட்டாராம். எட்டு வருஷம் ஹெட்செட் மாட்டி உழைத்த வேலை! என்னை ஒரு வார்த்தை கேட்டா இன்னா கொறஞ்சுடும்? நான் இன்னா, ஏர்ல பூட்டுற மாடா?

22-6-1968
சமைக்கவில்லை. அவர் பச்சை வேர்க்கடலையைத் தின்றுவிட்டு, உடம்புக்கு நல்லது என்றார்.

24-6-1968
பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய், மதராஸில் என் சூப்பர்வைசர் அலமுவுக்கு டிரங்க் கால் போட்டேன். ராஜினாமாக் கடிதம் வந்ததா என்று கேட்டேன்.
"அந்தக் கடுதாசியா? கையெழுத்து அழகா இருந்துது. அப்பவே உன்னுது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. மேல அனுப்பாம டிராயர்ல வெச்சிருக்கேன். காஞ்சிபுரத்துல ஒரு இடம் காலியாவுது, எழுதிப் போடட்டுமா?"
போடச் சொன்னேன். யாரையும் கேட்கவில்லை.

19-8-1968
காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். அவர் மாட்டிடம் மட்டும் பேசுகிறார். அதற்குப் பதில் சொல்ல வராது, சௌகரியம்.

2-9-1968
இன்றும் மாடுதான்.

6-10-1968
வேலை முடிந்து வந்தேன். வாசலில் நின்றிருந்தார். கையில் கையேடு இல்லை. முழங்கால்வரை சேறு.
"புதன்கிழமை நடவு. வடிவு சொல்ற மாதிரிதான் செய்யப்போறேன். ஆள் கொறைச்சலா இருக்குது..." முழங்கால் சேற்றை வழித்தார். "உன்னால வர முடியுமா, காந்தா?"
"டியூட்டி பாத்து சொல்றேன்."
தலையாட்டிவிட்டு உள்ளே போய் உலையில் அரிசி போட்டார். சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.